வழுக்கைக்கு ரண சிகிச்சை: முடிவு செய்யுமுன்

1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தோல் மருத்துவரான நார்மன் ஒரென்ட்ரைக் என்பவர், மனிதனின் தலையிலிருந்து நாணயம் போன்ற சிறு வட்டங்களாகத் தோலை எடுத்து இடம் மாற்றி ஒட்டும் சோதனையைத் தொடங்கினார். வழுக்கை விழும் இடத்தில் இரத்த ஓட்டம் குன்றிப் போவதாலோ, மண்டைத்தோல் இறுகிப் போவதாலோ முடி உதிர்கிறது என்ற கருத்து அந்நாளில் மருத்துவர்களிடையேயும் நிலவி வந்தது. அக்கருத்து உண்மையானால், வழுக்கைப் பகுதியில் கொண்டுபோய் வைக்கப்படும் எந்த முடியும் சில ஆண்டுகளில் உதிர்ந்தாக வேண்டும். ஆனால் நடந்தது வேறு. பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னந்தலையில் ஒட்டிய தோலில் முடி தொடர்ந்து வளர்ந்தது; வழுக்கைப் பகுதியிலிருந்து எடுத்துப் பின்னந்தலையில் ஒட்டிய தோலோ அங்கும் வழுக்கையாகவே நின்றது. குறை இடத்தினுடையது அன்று, மயிர்க்காலினுடையது என்பது இதனால் புலனாயிற்று. 1959-இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே தழும்பு விழுந்து முடியற்றுப்போன இடங்களில் இத்தகைய ஒட்டுச் சிகிச்சையைச் செய்து எழுதியிருந்தார். எனினும், போர்க்காலத்தில் ஜப்பானிய மொழியில் வெளிவந்த அக்கட்டுரை வெளியுலகின் கவனத்துக்கு வரவில்லை.

இன்று இந்தியாவின் பெருநகரங்களில் மட்டுமன்றி மாவட்டத் தலைநகரங்களிலும் பெயர்ப்பலகை இட்டு நடைபெறும் முடி நடும் சிகிச்சை அனைத்துக்கும் அஸ்திவாரம் இந்தச் சோதனையே. ஊர்ப்புறங்களில் பணியாற்றும் அலுவலர்களிடமும் ஆசிரியர்களிடமும் இளைஞர்கள், பெரும்பாலும் திருமணப் பேச்சு நடக்கும் காலத்தில், தயங்கித் தயங்கிக் கேட்கும் வினாக்களுள் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்பதும் ஒன்றாகிவிட்டது. கடன் வாங்கியோ, குடும்பத்துக்கென வைத்திருந்த பணத்தை எடுத்தோ செய்யப்படும் சிகிச்சையாதலால், இதை வெறும் அழகு விஷயம் என்று சிரித்துத் தள்ளுவது முறையன்று. கேட்பவனுடைய மனவேதனை உண்மையானது. அவனுக்கு வேண்டியது பரிகாசமும் அன்று, விளம்பரமும் அன்று; கணக்கு.

முடி ஏன் உதிர்கிறது?

மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் முடியை வளர்த்து, பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு கொண்டு, பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை சீப்பில் வருவது இயற்கை. பரம்பரை வழுக்கையில் நேர்வது வேறு. அங்கே மயிர்க்கால் சாவதில்லை, சுருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறைந்து, முடி மெலிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிராக முடிகிறது.

இதற்குத் தூண்டுகோல் ஆண் ஹார்மோன் என்பதை அமெரிக்க உடற்கூறு அறிஞரான ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் நிறுவினார். பருவமடையுமுன்பே விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அவர் கண்டார். அவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது, பிறருக்கு உதிரவில்லை. மருந்தை நிறுத்தியதும் உதிர்தல் நின்றது, ஆனால் போன முடி திரும்பவில்லை. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஹார்மோனை டைஹைட்ரோ டெஸ்டாஸ்டிரோனாக மாற்றும் ஒரு என்ஸைமே இதில் முக்கியப் பங்கு கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. தலையின் உச்சியிலும் முன்புறத்திலும் உள்ள மயிர்க்கால்கள் இப்பொருளுக்கு இரையாகின்றன. காதுகளுக்கு மேலும் பின்னந்தலையிலும் குதிரை லாடம் போல அமைந்த பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

வழுக்கை தாய்வழிப் பாட்டனிடமிருந்தே வரும் என்ற வழக்குச் சொல்லில் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் அமைப்புக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அது மகனுக்குத் தாயிடமிருந்தே வரும். ஆனால் வேறு பல மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டாகையால் தந்தையையும் விட்டுவிடுவதற்கில்லை. ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர், தலைக்கவசம், எண்ணெய் வைக்காமை ஆகியவற்றின் மீது சாட்டப்படும் குற்றம் ஆதாரமற்றது. உப்பு நீர் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடியச் செய்யலாம். தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலை அது தொடுவதில்லை.

முடி கொட்டுவதெல்லாம் வழுக்கையும் அன்று. டைபாய்டு, டெங்கு, கோவிட் போன்ற கடுஞ்சுரங்களுக்குப் பின்னும், பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. அது பெரும்பாலும் தானே திரும்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றாலும் உதிரும். பள்ளிப் பிள்ளையின் தலையில் வட்டமாக முடி போனால் 'புழுவெட்டு' என்பர்; அதில் புழு ஏதும் இல்லை, உடலின் தற்காப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் நேரும் நோய் அது. வட்டத்தில் செதிலும் ஒடிந்த முடியும் காணப்பட்டால் அது படர்தாமரைக் காளானாக இருக்கலாம். பின்னலையும் தலைப்பாகையையும் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோரம் முடி இழப்பவரும் உண்டு; ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் வளர்ந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மருத்துவம் வேறு. பெண்களுக்கு வரும் பரம்பரை முடியிழப்பிலோ தலை முழுவதும் பரவலாக மெலிவதால், எடுத்து நடுவதற்கு வலுவான பகுதியே பலரிடம் இராது. ஆதலின் முதல் வேலை, தோல் நோய் மருத்துவரிடம் காட்டி இது எவ்வகை என்று அறிவது. முடி நடும் நிலையத்து விற்பனையாளரிடம் அதை அறிய முயல்வது, செருப்புக் கடைக்காரரிடம் கால்வலிக்கு வழி கேட்பது போன்றதே.

நாற்றும் நாற்றங்காலும்

இச்சிகிச்சை ஒரு முடியையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவே. உழவர்களோடு பழகும் அலுவலர்களுக்கு இதை நாற்று நடவு என்று சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் உடன் சொல்ல வேண்டும். நாற்றங்காலில் மறுபடியும் விதைக்கலாம். பின்னந்தலையில் பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை.

ஒரென்ட்ரைக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள தோல்வட்டங்கள் நடப்பட்டன. அவை பொம்மைத் தலையில் முடி வைத்துத் தைத்தது போலத் தனித்தனிக் குடுமிகளாகத் தோன்றின. முடி ஒற்றை ஒற்றையாக அன்றி, ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த இயற்கையான சிறு கொத்துகளாகவே தோலில் அமைந்துள்ளது என்பதை 1984-இல் ஹெடிங்டன் என்பவர் விவரித்தார். 1990-களில் அக்கொத்துகளை உருப்பெருக்கியின் கீழ் சிதையாமல் பிரித்து நடும் முறை வந்தது. இன்று நிலையங்களில் 'கிராஃப்ட்' என்று எண்ணிக் காசு வாங்கப்படுவது இத்தகைய ஒரு கொத்தையே.

எடுக்கும் வழிகள் இரண்டு. பின்னந்தலையில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டியெடுத்து, காயத்தைத் தைத்துவிட்டு, பட்டையிலிருந்து கொத்துகளைப் பிரிப்பது எஃப்.யு.டி. எனப்படும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள குழல் ஊசியால் ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியே தோண்டி எடுப்பது எஃப்.யு.இ. எனப்படும். முன்னது கோடாகத் தழும்பு விடும். பின்னது புள்ளி புள்ளியாக விடும். தையலும் தழும்பும் இல்லாத முறை என்று பின்னதை விளம்பரப்படுத்துவதில் முதற்பாதி மட்டுமே சரி. திருப்பதிக்கோ பழநிக்கோ முடி காணிக்கை செலுத்தும் வழக்கமுள்ளவர் இதையும் யோசித்துக்கொள்ளல் வேண்டும். நட்ட முடி மழித்தாலும் வளரும், வேர் உள்ளே இருக்கிறது. ஆனால் மொட்டை அடித்த நாளில் பின்னந்தலைக் கோடு ஊரறியத் தெரியும்.

இனி, கணக்கு. முடி நிறைந்த தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 கொத்துகள் என்று வைத்துக்கொள்வோம். வழுக்கை முற்றியவனுடைய தலையில் முன்னும் உச்சியும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர் வெறுமையாகலாம். ஒரு காலத்தில் அங்கே இருந்தவை 14,000 கொத்துகள். பின்னந்தலை வெளிறித் தெரியாதபடி வாழ்நாள் முழுவதிலும் எடுக்கக்கூடியவை பெரும்பாலோரிடம் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு மேல் இரா. ஆறாயிரத்தையும் முழுப் பரப்பில் இறைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 30. இருந்ததில் பாதிகூட இல்லை. பாதி அடர்த்தி இருந்தாலே கண் அதை நிறைந்த தலை என்று ஏற்றுக்கொள்கிறது என்பதும், கருமுடிக்கும் மாநிறத் தோலுக்கும் இடையே வேறுபாடு குறைவு என்பதும் நம்மவர்க்குச் சாதகமானவை. ஆயினும் இருப்பைவிடத் தேவை பெரிது என்ற உண்மை மாறுவதில்லை. இருபது வயதுப் புகைப்படத்தைக் காட்டி அதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்பவர் எவராயினும் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்காதவராகவே இருக்க வேண்டும். வகுப்பறையில் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க கணக்கு இது.

அவசரப்படுபவனின் இழப்பு

இருபத்து நான்கு வயதுள்ள ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். நெற்றியின் இரு பொட்டுப் பக்கமும் முடி ஏறியிருக்கிறது. உச்சி இன்னும் நிறைந்திருக்கிறது. பெண் பார்க்கும் படலம் நடக்கிறது. நிலையத்தில் 3,000 கிராஃப்ட் வைத்து நெற்றிக்கோட்டைப் பழையபடி கீழே இறக்கித் தருகிறார்கள். ஓராண்டில் முகம் பொலிவாகிறது, மணமும் ஆகிறது. ஆனால் வழுக்கை நிற்கவில்லை. அது நாற்பது, ஐம்பது வயது வரை தன் வழியே நடப்பது. நட்ட முடி பின்னந்தலையின் இயல்புடையதாதலால் நிலைத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடியோ ஆண்டுக்கு ஆண்டு கழிகிறது. நாற்பதாம் வயதில் நெற்றியில் ஒரு வரப்பும் அதற்குப் பின்னால் வெற்றுத் திடலுமாக ஒரு தலை எஞ்சுகிறது. இயற்கை வழுக்கை எவருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை, இது தோன்றும். திடலை நிரப்பக் கையிருப்பில் பாதிதான் மிச்சம். உச்சியும் அகன்று போயிருந்தால் அது போதாது. நட்டதைப் பிடுங்கிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு சிகிச்சை, அதற்கும் தழும்பு.

இக்காரணத்தாலேயே அனுபவமுள்ள மருத்துவர்கள் 25 வயதுக்கு முன் கத்தியை எடுக்கத் தயங்குவர். வயதைக் காட்டிலும் முக்கியமானது, வழுக்கை எவ்வளவு தூரம் போகும் என்ற மதிப்பீடு. தந்தை, சிற்றப்பன், மாமன் ஆகியோரின் தலைகளைப் பற்றி விசாரிக்காத மருத்துவர் இம்மதிப்பீட்டைச் செய்யவில்லை என்றே கொள்ளலாம்.

காத்திருக்கும் காலம் வீண் அன்று. இழப்பைத் தடுக்கும் மருந்துகள் இரண்டு உள்ளன. மினாக்ஸிடில் என்பது இரத்த அழுத்த மாத்திரையாக வந்து, உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு தலையில் தடவும் மருந்தாக மாறியது. அமெரிக்காவில் 1988-இல் அனுமதி பெற்றது. முதல் சில வாரங்களில் உதிர்தல் மிகும். அதைக் கண்டு பயந்து நிறுத்துவோர் பலர். ஃபினாஸ்டிரைடு, முன்பு சொன்ன என்ஸைமைத் தடுப்பது. நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் ஆண்களின் வழுக்கைக்கு 1997-இல் அங்கே அனுமதிக்கப்பட்டது. சிலருக்கு ஆண்மை தொடர்பான குறைகளும் மனச்சோர்வும் நேரலாம் என்பதால் மருத்துவரின் சீட்டும் கண்காணிப்பும் இன்றி உண்ணலாகாது. இதை உண்பவர் நிறுத்தி ஒரு மாதம் கழியாமல் இரத்த தானம் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது. இரு மருந்துக்கும் பொதுவான குறை ஒன்று: நிறுத்தினால் ஓராண்டுக்குள் பலன் போய்விடும். சிகிச்சை செய்துகொண்டவனும் எஞ்சிய சொந்த முடியைக் காக்க இவற்றைத் தொடர வேண்டியிருக்கும் என்பதைப் பல நிலையங்கள் பணம் கட்டிய பிறகே சொல்கின்றன.

எண்ணெய்களையும் லேகியங்களையும் பொறுத்தவரை ஒரு செய்தி போதும். மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் பற்றிய மத்திய அரசு விதிகளின் ஜே அட்டவணையில், எந்த மருந்தும் குணப்படுத்துவதாகக் கூறிக்கொள்ளக் கூடாத நோய்களின் வரிசையில் வழுக்கையும் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது.

யார், எங்கே செய்கிறார்கள்?

2016 மே மாதத்தில் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, இரு நாட்களில் உயிரிழந்தார். சிகிச்சை நடந்த இடம் அழகு நிலையத்துக்குரிய அனுமதியோடு இயங்கியது என்று அப்போது தெரியவந்தது. மருத்துவம் பயின்ற ஒருவருக்கே நேர்ந்த இம்மரணம் நாட்டை அதிர வைத்தது. தலையில் ஊசி குத்துவதில் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஆபத்து பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தில் இருக்கிறது. லிக்னொகேய்ன் என்னும் அம்மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்த உச்ச வரம்பு உண்டு: உடன் அட்ரினலின் சேர்த்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம், சேர்க்காவிட்டால் 4.5. ஆறு, எட்டு மணி நேரம் நீளும் வேலையில், வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் செலுத்தி, மொத்தத்தை எவரும் கூட்டிப் பார்க்காவிட்டால் வரம்பு கடந்துவிடும். அப்போது வலிப்பும் இதயத் துடிப்பின் தடுமாற்றமும் நேரும். ஒவ்வாமையும் எவருக்கும் எந்நேரமும் வரலாம். ஆக்ஸிஜனும், உயிர்மீட்பு மருந்துகளும், அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் அதே அறையில் இருந்தால் மீட்டுவிடலாம், இல்லையேல் இல்லை.

2022-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இத்தகைய மரணம் ஒன்றை முன்னிட்டு அழகு நிலையச் சிகிச்சைகளைக் கட்டுப்படுத்த வேண்டுமெனக் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இச்சிகிச்சையை முறையான ரண சிகிச்சைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே செய்ய வேண்டும். பிளாஸ்டிக் ரண சிகிச்சையிலோ தோல் மருத்துவத்திலோ மேற்பட்டம் பெற்றோர் அத்தகுதி உடையவர். பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று ஆணையம் வெளிப்படையாகவே எழுதியது. அப்படி எழுத நேர்ந்ததே நிலைமை எதுவரை போயிருந்தது என்பதைக் காட்டும். ஆகவே மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குவதும், அவற்றை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பார்ப்பதும் எவருக்கும் உள்ள உரிமை. முழு நேரமும் அவர் அறையில் இருப்பாரா, தோண்டுவது யார், நடுவது யார் என்ற கேள்விகளுக்கு வாய்மொழியாக அன்றி எழுத்தில் விடை பெறுவது நல்லது.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் ரண சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் இழந்ததைச் சீர்செய்வது விதிவிலக்கு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது, ஆனால் முடி நடுதல் பெயர் சொல்லியே அவ்விலக்கிலிருந்து நீக்கப்பட்டது. எனவே விளம்பரத்தில் காணும் தொகை வரிக்கு முந்தியதா, பிந்தியதா என்று விசாரிக்க வேண்டும். கிராஃப்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பதால் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை விற்பவருக்கு உண்டு. மிகுதியாகக் கிடைத்தால் மலிவு என்ற ஆசை வாங்குபவருக்கும் உண்டு. நஷ்டம் பின்னந்தலைக்கு.

ஏற்றவர் யார்?

நாற்பதை ஒட்டிய வயதும், சில ஆண்டுகளாக அதிகம் நகராமல் நிற்கும் வழுக்கையும், அடர்ந்த பின்னந்தலையும், மிதமான எதிர்பார்ப்பும் உடையவருக்கு இது நல்ல சிகிச்சை. தீக்காயத் தழும்பில் புருவத்தையோ மீசையையோ இழந்தவருக்கு இது தரும் ஆறுதல் பெரிது. அத்தகையோருக்கும் பொறுமை வேண்டும். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் உதிர்ந்துவிடும், வேர் தங்கும். சுற்றியுள்ள சொந்த முடியும் அதிர்ச்சியில் சிறிது கொட்டலாம். மூன்றாம் நான்காம் மாதத்தில் புது முடி தலைகாட்டி, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, ஓராண்டு முடிவில்தான் பலன் தெரியும். இடைப்பட்ட மாதங்களில் சிகிச்சைக்கு முன்னிருந்ததைவிடத் தலை மோசமாகக் காணப்படுவது வழக்கம். ஆதலால் மணநாளுக்கு ஒரு மாதம் முன்பு வந்து கேட்பவனுக்கு விடை, வேண்டாம் என்பதே.

சிகிச்சை நாளன்று காலையில், மருத்துவர் கண்ணாடி முன் அமர்த்தி மைக்கோலால் புதிய நெற்றிக்கோட்டை வரைவார். கோடு உயரமாகவும் சற்று ஒழுங்கற்றும் இருப்பதே அறுபது வயதிலும் பொருந்தும். இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்று கேட்காதவர் அரியர். கோட்டின் நீளம் 12 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்குவதற்கு, சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம், 480 கொத்துகள் வேண்டும். பின்னாளில் உச்சி வெறுமையாகும்போது அதை மூட எடுக்க வேண்டியவை அவை.